ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் இலக்கணப் பிழைகளும் அவற்றைத் திருத்தும் வழிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் ஓரளவு வாசிக்கவும் எழுதவும் தெரியும். ஆனாலும் எழுதியதை அனுப்பும் முன் ‘இது சரிதானா?’ என்று கை தயங்குகிறது. அப்படித் தயங்கும் தமிழருக்காக இந்தப் பக்கம். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அவற்றை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பள்ளியிலிருந்து படித்தும் ஏன் அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன?

அவை தற்செயலாக வருபவை அல்ல. தமிழ் வாக்கியத்தின் கட்டுமானம் வேறு, ஆங்கில வாக்கியத்தின் கட்டுமானம் வேறு. ‘வந்தேன்’ என்ற ஒரே சொல்லில் வந்தது யார், ஒருவரா பலரா, எந்தக் காலம் என்பதெல்லாம் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஐ கேம்’ என்று எழுவாயைத் தனியே சொல்லியாக வேண்டும். நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ போன்றவை பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்கும். நமக்கு வினை கடைசியில், ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து. ‘எ’, ‘தி’ போன்ற சொற்கள் நம்மிடம் இல்லை. பெரும்பாலான பிழைகள் முளைப்பது இந்த இடங்களில்தான்.

இதனால் பலர் ‘தமிழில் யோசிக்காதே’ என்று அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரைகுறையாக யோசித்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால்தான் பிழை வருகிறது. தமிழ் வாக்கியம் எப்படி இயங்குகிறது என்று கவனித்தால், பல இடங்களில் ஆங்கிலத்தின் சரியான வழியை அதுவே காட்டிவிடும். கீழே வரும் பல பதில்களில் அதைத்தான் செய்திருக்கிறேன்.

ஒரு வாக்கியம் சரியா என்று பார்க்க எங்கே தொடங்குவது?

வினையில். முதலில் வாக்கியத்தின் முற்றுவினையைக் கண்டுபிடியுங்கள். பிறகு ‘இதைச் செய்வது யார் அல்லது எது?’ என்று கேட்டு எழுவாயைக் கண்டுபிடியுங்கள். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, வினையின் காலம் சரியா என்று பார்த்தாலே பெரிய பிழைகளில் பாதி பிடிபடும். ‘எ’, ‘தி’, ‘இன்’, ‘ஆன்’ எல்லாம் அதற்குப் பிறகுதான்.

‘ஹி கோ’, ‘ஷி டோன்ட்’ என்று வாய் தவறி வருகிறது. அந்த ‘ஸ்’ ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

உண்மையில் இது நமக்கு எளிதாக இருக்க வேண்டிய இடம். தமிழ் வினை திணை, பால், எண், இடம் அனைத்தையும் விகுதியில் காட்டுகிறது. வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள், வந்தோம் என்று நாம் யோசிக்காமலே மாற்றிக்கொள்கிறோம். பழைய ஆங்கிலத்திலும் இப்படிப் பல விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை உதிர்ந்தன. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில்கூட ‘ஹி கோயெத்’ என்றுதான் இருக்கும். இன்று நிகழ்காலத்தில் எஞ்சி நிற்பது, படர்க்கை ஒருமைக்கான இந்த ஒரு ‘ஸ்’ மட்டுமே. ஒன்றே ஒன்று என்பதாலேயே மறந்துபோகிறது.

‘ஹி கோஸ்’, ‘ஷி டஸ்ன்ட் நோ’, ‘இட் ஒர்க்ஸ்’. இவற்றைத் தனியாகக் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் வேறு சொற்கள் புகும்போதுதான் தடுமாற்றம். ‘தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர் ரெடி’ என்பது பிழை. தயாராக இருப்பது பட்டியல், பெயர்கள் அல்ல. ஆகவே ‘தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் இஸ் ரெடி’. வினைக்குப் பக்கத்தில் உள்ள பெயரை எழுவாய் என்று நம்பிவிடக் கூடாது.

‘ஈச்’, ‘எவ்ரி’, ‘எவ்ரிபடி’ மூன்றும் ஒருமை: ‘எவ்ரிபடி இஸ் ஹியர்’. ‘எ நம்பர் ஆஃப் பீப்பிள்’ என்றால் ‘பலர்’, எனவே பன்மை வினை. ‘தி நம்பர் ஆஃப் பீப்பிள்’ என்றால் ‘எண்ணிக்கை’, எனவே ஒருமை வினை.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்பதில் என்ன தவறு? ஒருவரைத்தானே சொல்கிறோம்?

தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘என் நண்பர்களில் ஒருவர்’. ‘என் நண்பரில் ஒருவர்’ என்று யாரும் சொல்வதில்லை. கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்கிறோம்; கூட்டம் பன்மை, எடுத்தது ஒருமை. ஆங்கிலமும் அப்படியே: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்’. ‘ஃப்ரெண்ட்ஸ்’ பன்மை, ‘ஒன்’ ஒருமை என்பதால் வினை ‘இஸ்’.

‘டிட் யூ வென்ட்?’, ‘ஐ டிட்ன்ட் சா’. இறந்தகாலம்தானே, ஏன் தவறு?

காலத்தை ஒரு முறை காட்டினால் போதும். ‘டிட்’ என்ற சொல்லே இறந்தகாலத்தைச் சுமந்துகொண்டது. அடுத்து வரும் வினை காலம் காட்டாத அடிப்படை வடிவில் நிற்க வேண்டும்: ‘டிட் யூ கோ?’, ‘ஐ டிட்ன்ட் சீ’.

தமிழில் எதிர்மறை சொல்லும்போது நாமும் இதையே செய்கிறோம். ‘வந்தேன்’ என்பதை மறுக்கும்போது ‘வந்தவில்லை’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ‘வரவில்லை’ என்றுதான் சொல்லும். அந்த ‘வர’ என்பதில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. ‘டிட்ன்ட் கம்’ என்பதில் ‘கம்’ அந்த ‘வர’ போன்றதுதான். ‘டிட்ன்ட் கேம்’ என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் ‘வந்தவில்லை’ என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அதன் கோணல் உடனே தெரியும்.

இதே விதி ‘டஸ்’, ‘கேன்’, ‘வில்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ எல்லாவற்றுக்கும் பொருந்தும். ‘டஸ் ஹி நோஸ்?’ அல்ல, ‘டஸ் ஹி நோ?’. ‘ஷி கேன் ஸ்பீக்ஸ்’ அல்ல, ‘ஷி கேன் ஸ்பீக்’.

‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பவை தவறா?

தவறுதான். ஆங்கில வினைகளில் சில செயலைக் குறிக்கும், சில நிலையைக் குறிக்கும். ஓடுவது, எழுதுவது, சமைப்பது செயல்கள். தெரிந்திருப்பது, நம்புவது, சொந்தமாக வைத்திருப்பது, தேவைப்படுவது, பிடிப்பது நிலைகள். நிலையைக் குறிக்கும் வினைகள் பொதுவாக ‘இங்’ வடிவம் ஏற்பதில்லை. ‘ஐ நோ’, ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’, ‘ஐ நீட் ஹெல்ப்’, ‘திஸ் பிலாங்ஸ் டு மீ’.

இங்கும் தமிழ் உதவும். ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்கிறோமே தவிர, ‘தெரிந்துகொண்டிருக்கிறது’ என்பதில்லை. ‘எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்’ என்பதிலும் ‘கொண்டிரு’ வருவதில்லை.

ஒரே வினை இரண்டு பொருளிலும் வரும்போது கவனம் தேவை. ‘ஹேவ்’ என்பது உடைமையைக் குறித்தால் நிலை. உண்பதைக் குறித்தால் செயல். ஆகவே ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ முற்றிலும் சரி. ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ என்பது கருத்து; ‘ஐ ஆம் திங்கிங் அபௌட் இட்’ என்பது இப்போது மனத்தில் ஓடும் செயல். ‘ஐ சீ’ என்றால் கண்ணுக்குத் தெரிகிறது; ‘ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ’ என்றால் நாளை மருத்துவரைச் சந்திக்கிறேன். வினையைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ‘இந்த வாக்கியத்தில் இது செயலா, நிலையா?’ என்று கேட்பது பயன் தரும்.

‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று எழுதினால் ஏன் சிவப்புக் கோடு?

‘ஹேவ் சீன்’ என்ற வடிவம் கடந்த செயலை இன்றோடு இணைக்கிறது. எப்போது நடந்தது என்பது அதற்கு முக்கியமில்லை. இப்போது அதன் விளைவு என்ன என்பதே முக்கியம். ‘நேற்று’, ‘போன வாரம்’, ‘2015இல்’ என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடுகிறது. அப்போது எளிய இறந்தகாலமே வேண்டும்: ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’. காலம் சொல்லாவிட்டால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’ சரி.

இங்கு மட்டும் தமிழை அப்படியே பின்பற்ற முடியாது. ‘அவன் நேற்றே வந்திருக்கிறான்’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். தடயத்தை வைத்து ஊகிக்கும்போதும் நாம் ‘இருக்கிறான்’ சேர்ப்போம். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்து ‘ஹேவ்’ ஆகிவிடுகிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. இறந்தகாலம் என்றாலே ‘ஹேட்’ சேர்ப்பது: ‘ஐ ஹேட் கான் தேர் லாஸ்ட் வீக்’. கடந்த காலத்தில் நடந்த இரண்டு செயல்களில் முந்தியது எது என்று காட்டத்தான் ‘ஹேட்’. ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’. நான் போகும் முன்பே ரயில் போய்விட்டது. ஒரே ஒரு செயலைச் சொல்ல ‘ஐ வென்ட் தேர் லாஸ்ட் வீக்’ போதும்.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ எதை எங்கே போடுவது?

தொடங்கிய புள்ளி என்றால் ‘சின்ஸ்’: ‘சின்ஸ் 2019’, ‘சின்ஸ் மண்டே’. கால அளவு என்றால் ‘ஃபார்’: ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பதில் இரண்டு பிழைகள். அங்கே தொடங்கி இன்றுவரை தொடர்வதால் வினை மாற வேண்டும், ‘சின்ஸ்’ என்பதும் மாற வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’.

‘இஃப் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்’. எதிர்காலம்தானே, ‘வில்’ போடக் கூடாதா?

தமிழைப் பாருங்கள்: ‘அவன் வந்தால் சொல்வேன்’. ‘வந்தால்’ என்பதில் எதிர்காலக் குறி எங்கே இருக்கிறது? சொல்லப்போனால் அது ‘வந்த்’ என்ற இறந்தகால வடிவத்தின் மேல் கட்டப்பட்டது. எதிர்காலம் ‘சொல்வேன்’ என்ற முற்றில் மட்டுமே. ஆங்கிலத்திலும் ‘இஃப்’ இருக்கும் பகுதியில் நிகழ்கால வடிவம், மற்றப் பகுதியில் ‘வில்’: ‘இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்’. ‘வென்’, ‘அன்டில்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ ஆகியவற்றுக்குப் பிறகும் இப்படியே. ‘வென் ஐ ரீச் ஹோம், ஐ வில் கால் யூ’.

நடக்காமல் போனதைச் சொல்லும்போது: ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்’. தெரிந்திருந்தால் வந்திருப்பேன். ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று அமெரிக்கப் பேச்சில் காதில் விழும். எழுத்தில் தவிர்ப்பது நல்லது.

‘எ’, ‘அன்’, ‘தி’ மூன்றும் எனக்குப் பிடிபடவே இல்லை. ஏதாவது வழி இருக்கிறதா?

இருக்கிறது. இரண்டு தமிழ் வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’. முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில், பேசுபவருக்கும் கேட்பவருக்கும் எது என்று தெரிந்த புத்தகம். அஃறிணைப் பெயரில் ‘ஐ’ உருபைச் சேர்ப்பதா விடுவதா என்று நாம் முடிவெடுக்கும் அதே இடத்தில்தான் ஆங்கிலம் ‘தி’ போடுவதா ‘எ’ போடுவதா என்று முடிவெடுக்கிறது. ‘ஐ பாட் எ புக்’, ‘ஐ பாட் தி புக்’. இந்த வேறுபாட்டை நாம் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்திருக்கிறோம். செயப்படுபொருள் அல்லாத இடத்தில் ‘ஐ’ உதவாது. அங்கே ‘எது என்று கேட்பவருக்குத் தெரியுமா?’ என்ற கேள்வியைக் கேளுங்கள். தெரியும் என்றால் ‘தி’. தெரியாது, எண்ணக்கூடிய ஒரு பொருள் என்றால் ‘எ’.

‘எ’ போடுவதா ‘அன்’ போடுவதா என்பதை எழுத்து தீர்மானிப்பதில்லை, ஒலி தீர்மானிக்கிறது. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற ஆங்கிலச் சொல் மெய்யெழுத்தில் எழுதப்பட்டாலும் உயிர் ஒலியில் தொடங்குவதால் ‘அன் அவர்’. ‘யூனிவர்சிட்டி’ உயிரெழுத்தில் எழுதப்பட்டாலும் ‘ய்’ ஒலியில் தொடங்குவதால் ‘எ யூனிவர்சிட்டி’. அதேபோல் ‘அன் எம்.பி.ஏ.’, ‘எ ஒன்வே ரோட்’ (ஆங்கில உச்சரிப்பில் ‘ஒன்’ என்பது ‘வ்’ ஒலியில் தொடங்குகிறது). தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் ‘எம்’ என்பதன் உயிர் ஒலி கண்ணுக்கே தெரிகிறது.

பொதுவாக ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது ‘தி’ வேண்டாம்: ‘லைஃப் இஸ் ஹார்ட்’, ‘சில்ட்ரன் லைக் ஸ்டோரீஸ்’. ஆறுகள், கடல்கள், மலைத்தொடர்கள் ‘தி’ ஏற்கும்: ‘தி நைல்’, ‘தி பசிபிக்’, ‘தி ஹிமாலயாஸ்’. தனிச் சிகரம் ஏற்காது: ‘மவுண்ட் எவரெஸ்ட்’. நாடுகளும் பெரும்பாலும் ஏற்காது; ‘தி நெதர்லாந்த்ஸ்’, ‘தி யுனைட்டட் கிங்டம்’ போன்றவை விலக்கு. இந்தப் பெயர்களை விதியாகக் கற்பதைவிட, வாசிக்கும்போது ‘தி’ சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

‘டிஸ்கஸ் அபௌட்’ தவறு என்கிறார்கள். ‘அதைப் பற்றி’ என்று சொல்ல வேண்டாமா?

‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ இருக்கிறது. ‘வி டிஸ்கஸ்ட் தி பிளான்’. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், அதன் பெயர்ச்சொல்லோடு ‘அபௌட்’ சரியாகப் பொருந்துகிறது: ‘எ டிஸ்கஷன் அபௌட் தி பிளான்’. இப்படி இரட்டை வேறுபாடு பல சொற்களில் உண்டு. வினையாக வந்தால் ‘ரிக்வெஸ்ட் எ மீட்டிங்’; பெயராக வந்தால் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் எ மீட்டிங்’. ‘எம்ஃபசைஸ் தி பாயிண்ட்’, ஆனால் ‘எம்ஃபசிஸ் ஆன் தி பாயிண்ட்’.

தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் வேறு சில: ‘ரிடர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ மிகை. ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ மிகை. ‘ரீச்ட் டு தி ஆஃபீஸ்’ என்பதில் ‘டு’ மிகை. ‘என்டர் இன்டு தி ரூம்’ என்பதில் ‘இன்டு’ மிகை. ஆனால் ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது ‘என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்’ சரி. ‘மேரிட் வித்’ அல்ல, ‘மேரிட் டு’.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்பதில் ஒன்று குறைகிறது: ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ’. ‘ஹி செட் மீ’ அல்ல. ‘ஹி டோல்ட் மீ’ அல்லது ‘ஹி செட் டு மீ’.

இந்தப் பகுதிக்குக் குறுக்கு வழி கிடையாது. தமிழில் ‘அவரைப் பார்த்தேன்’ என்கிறோம், ‘அவரிடம் கேட்டேன்’ என்கிறோம், ‘அவருக்குக் கொடுத்தேன்’ என்கிறோம். எந்த வினை எந்த உருபைக் கேட்கும் என்பதை வினையோடு சேர்த்தே கற்றோம். ஆங்கில வினையையும் அதன் துணைச்சொல்லோடு சேர்த்தே கற்க வேண்டும்.

‘வை யூ ஆர் லேட்?’ என்பதும் தவறு, ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’ என்பதும் தவறு என்கிறார்கள். இரண்டுக்கும் எதிரெதிர் விதியா?

ஆமாம், எதிரெதிர்தான். நேரடியாகக் கேட்கும்போது வினை எழுவாய்க்கு முன்னால் வரும்: ‘வை ஆர் யூ லேட்?’, ‘வேர் ஆர் யூ கோயிங்?’. அந்தக் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் அது கேள்வியாக இல்லாமல் வெறும் தகவலாகிவிடுகிறது. வரிசை பழையபடி திரும்பும்: ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’, ‘கேன் யூ டெல் மீ வாட் தி டைம் இஸ்?’. தமிழில் ‘அவர் எங்கே இருக்கிறார்?’ என்பதும் ‘அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை’ என்பதும் ஒரே வரிசை. அதனால் நம் காது இந்த மாற்றத்தை எதிர்பார்ப்பதில்லை. பழக்கத்தால் மட்டுமே வரும்.

‘டோன்ட் யூ லைக் இட்?’ என்று கேட்டால் ‘யெஸ்’ என்பதா, ‘நோ’ என்பதா?

இது இலக்கணத்தோடு நிற்காமல் உறவையே குழப்பும் இடம். ‘உனக்குப் பிடிக்காதா?’ என்று கேட்டால் தமிழில் ‘ஆமாம், பிடிக்காது’ என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டும் கேட்டவரோடு உடன்படுவதைக் காட்டுவதில்லை. அடுத்து வரும் வினை உடன்பாடா எதிர்மறையா என்பதையே காட்டுகின்றன. பிடிக்காது என்றால் ‘நோ, ஐ டோன்ட்’. பிடிக்கும் என்றால் ‘யெஸ், ஐ டு’. ‘யெஸ், ஐ டோன்ட்’ என்ற வடிவம் கேட்பவரைத் திகைக்க வைக்கும்.

‘டு யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன் தி விண்டோ?’ என்பதற்கு ‘யெஸ்’ என்று சொன்னால், எனக்கு ஆட்சேபம் உண்டு என்று பொருள். திறந்துகொள்ளுங்கள் என்று சொல்ல ‘நோ, கோ அஹெட்’. நன்னூல் வழுக்களை ஏழாக வகுத்தபோது வினாவையும் விடையையும் தனித்தனி வகையாக வைத்தது. அந்தக் கவனம் இங்கே தேவைப்படுகிறது.

வாக்கியத்தின் கடைசியில் ‘இசின்ட் இட்?’ போடலாமா?

வாக்கியத்தில் ‘இட் இஸ்’ இருந்தால் போடலாம். தமிழில் ‘இல்லையா?’ எல்லாவற்றுக்கும் பொருந்தும். பொது ஆங்கிலத்தில் முன்னால் உள்ள வினையைப் பார்த்து மாற்ற வேண்டும். ‘யூ ஆர் கமிங், ஆர்ன்ட் யூ?’, ‘ஷி நோஸ், டஸ்ன்ட் ஷி?’. சந்தேகமாக இருந்தால் ‘ரைட்?’ என்று முடித்துவிடுங்கள். பேச்சில் அது போதும்.

‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘அட்வைசஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ ஏன் கூடாது?

ஆங்கிலம் இவற்றை எண்ணுவதில்லை, மொத்தமாக அளக்கிறது. ‘எக்விப்மென்ட்’, ‘லக்கேஜ்’, ‘சாஃப்ட்வேர்’, ‘ஃபீட்பேக்’, ‘ஹோம்ஒர்க்’ எல்லாம் இந்த வகை. எண்ணியாக வேண்டும் என்றால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’. ‘நியூஸ்’ பன்மை போல ஒலித்தாலும் ஒருமை: ‘தி நியூஸ் இஸ் குட்’. ‘போலீஸ்’ ஒருமை போல ஒலித்தாலும் பன்மை: ‘தி போலீஸ் ஆர் ஹியர்’.

‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஐ வென்ட்’ என்பதில் என்ன பிழை?

ஒரே வேலைக்கு இரண்டு சொற்கள். ‘மழை பெய்தாலும் போனேன்’ என்பதில் ‘ஆலும்’ போதுமே. ‘ஆல்தோ’ இருந்தால் ‘பட்’ வேண்டாம். ‘பட்’ இருந்தால் ‘ஆல்தோ’ வேண்டாம். ‘பிகாஸ்’, ‘சோ’ இரண்டுக்கும் இதுவே.

‘வாக்கிங் டு தி ஆஃபீஸ், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்’ நன்றாகத்தானே இருக்கிறது?

இந்தப் பிழையைப் பற்றிப் பேச எனக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால் தொல்காப்பியம் இதைத் தெளிவாகக் கண்டிருக்கிறது. ‘செய்து’ போன்ற வினையெச்சங்கள் வினைமுதலைக் கொண்டே முடியும் என்கிறது அது. எச்சத்தின் செயலை யார் செய்தாரோ, முற்றின் செயலையும் அவரே செய்ய வேண்டும். ‘கதவைத் திறந்து உள்ளே வந்தான்’: திறந்தவனும் அவனே, வந்தவனும் அவனே. ‘நான் கதவைத் திறந்து பூனை ஓடியது’ என்று எழுதினால் நம் காது உடனே மறுக்கிறது.

ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘இங்’ பகுதிக்கும் இதே எதிர்பார்ப்பு உண்டு. மேலே உள்ள வாக்கியத்தில் அலுவலகத்துக்கு நடந்துபோனது மழை என்றாகிறது. திருத்த இரண்டு வழிகள். எழுவாயை ஒன்றாக்கலாம்: ‘வாக்கிங் டு தி ஆஃபீஸ், ஐ காட் வெட்’. அல்லது முதல் பகுதிக்குத் தனி எழுவாய் தரலாம்: ‘வென் ஐ வாஸ் வாக்கிங் டு தி ஆஃபீஸ், தி ரெய்ன் ஸ்டார்ட்டட்’. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்தப் பிழையைச் செய்கிறார்கள்; அச்சிலும் பார்க்கலாம்.

வாக்கிய நீளத்திலும் ஓர் எச்சரிக்கை. தமிழில் எழுந்து, குளித்து, உடுத்தி, கிளம்பி என்று எச்சங்களைக் கோத்து ஒரே முற்றில் முடிக்கலாம். ஆங்கிலத்தில் அப்படிக் கோத்து, நடுவில் வெறும் காற்புள்ளி மட்டும் இட்டு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டுவது பிழை. ‘இட் வாஸ் லேட், ஐ வென்ட் ஹோம்’ என்பதில் காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது ‘சோ’ சேருங்கள்.

‘இட்ஸ்’ என்பதில் அப்பாஸ்ட்ரஃபி எப்போது வரும்?

‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படிக்க முடிந்தால் வரும். ‘அதன்’ என்ற பொருளில் வராது. ‘யுவர்’ என்ற ஒலிக்கும் அப்படித்தான்: ‘யூ ஆர்’ என்று விரிந்தால் குறி உண்டு, ‘உன்’ என்றால் இல்லை.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை ‘தே’ என்று எழுதலாமா?

எழுதலாம். ‘சம்ஒன் லெஃப்ட் தேர் பேக்’ என்பது பிழை அல்ல. ஒருவரைக் குறிக்கும் ‘தே’ 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கில எழுத்தில் உண்டு. நமக்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை. ‘அவர்’ பலர்பால் சொல். இன்று ஒருவரை மதிப்போடு குறிக்க அதையே சொல்கிறோம். ஆங்கிலத்தின் ‘யூ’ என்பதும் ஒரு காலத்தில் பன்மைதான். ஒருமைக்கு ‘தௌ’ இருந்தது. நம் இலக்கண நூல்கள் இப்படிப்பட்டவற்றை வழு என்று தள்ளாமல், ‘வழுவமைதி’ என்று ஏற்றுக்கொண்டன.

பள்ளியில் பிழை என்று சொல்லித் தந்தவற்றில் உண்மையில் பிழை அல்லாதவை இருக்கின்றனவா?

இருக்கின்றன. வாக்கியத்தை ‘ஆன்’, ‘வித்’, ‘ஃபார்’ போன்ற சொல்லில் முடிக்கக் கூடாது என்ற விதி அவற்றில் ஒன்று. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல் இப்படி முடிப்பதைக் குறையாகச் சொன்னார்; அந்தக் கருத்து பின்னால் பாடமாகிவிட்டது. ஆனால் ‘ஹூ ஆர் யூ டாக்கிங் டு?’ என்பது இயல்பான, சரியான ஆங்கிலம். ‘அண்ட்’, ‘பட்’ கொண்டு வாக்கியத்தைத் தொடங்குவதும் பிழை அல்ல. ‘டு’ என்பதற்கும் வினைக்கும் நடுவில் சொல் நுழையக் கூடாது என்பதை 19ஆம் நூற்றாண்டில் சிலர் வலியுறுத்தினார்கள். இன்று ‘டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்’ என்று தயங்காமல் எழுதலாம். உங்கள் நேரத்தை இவற்றில் செலவிடாதீர்கள். ‘டிட்ன்ட் கேம்’ போன்றவற்றைத் திருத்துவதில் செலவிடுங்கள்.

ஒருவர் பேசும்போது பிழை கேட்டால் உடனே திருத்தலாமா?

அவர் கேட்டுக்கொண்டால் திருத்துங்கள். இல்லையென்றால் பேச விடுங்கள். பேச்சின் நடுவில் குறுக்கிட்டால் சொல்ல வந்ததையும் விட்டுவிட்டு அவர் மௌனமாகிவிடுவார். பேசாதவருக்கு மொழி வராது. குழந்தைகளிடம் நான் பரிந்துரைப்பது வேறு வழி: ‘ஐ டிட்ன்ட் சா இட்’ என்று குழந்தை சொன்னால், ‘ஓ, யூ டிட்ன்ட் சீ இட்?’ என்று சரியான வடிவில் திருப்பிக் கேளுங்கள். பேச்சும் தொடரும், திருத்தமும் காதில் விழும்.

பிழை திருத்தும் மென்பொருளை நம்பலாமா?

விடுபட்ட ‘ஸ்’, ‘அன்’ வர வேண்டிய இடத்தில் வந்த ‘எ’, எழுத்துப் பிழை ஆகியவற்றை அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் ‘ஐ பாட் எ புக்’, ‘ஐ பாட் தி புக்’ இரண்டும் இலக்கணப்படி சரியானவை. நீங்கள் எந்தப் புத்தகத்தைச் சொல்ல வந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ‘ஐ லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்றால் இப்போது அங்கே இல்லை. ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்றால் இன்னும் இருக்கிறேன். இரண்டில் எது உண்மை என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மென்பொருளிடம் கொடுக்கும் முன் நீங்களே மூன்று முறை படியுங்கள். முதல் முறை வினைகளை மட்டும் பாருங்கள்: எழுவாயோடு பொருந்துகின்றனவா, காலம் இரட்டிக்கிறதா? இரண்டாம் முறை பெயர்களை மட்டும்: எண்ணக்கூடியவையா, ‘எ’, ‘தி’ வேண்டுமா? மூன்றாம் முறை வாய்விட்டு, மெதுவாக. மென்பொருள் திருத்திய இடங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சில வாரங்களில், ஒரே வகைப் பிழை எங்கெல்லாம் திரும்ப வந்திருக்கிறது என்பது அதில் தெரியும். அடுத்ததாகப் பயிற்சி செய்ய வேண்டியது அதைத்தான்.